முதல் வாடகைச் சொத்து: பணம் திரட்டுவதும் ஒப்பந்தம் போடுவதும்

நான் வாங்கிய இரண்டாவது சொத்து நல்ல சொத்து. குடியிருந்தவர்கள் மாதம் தவறாமல் வாடகை கொடுத்தார்கள், கூரை ஒழுகவில்லை, பக்கத்து இடத்துக்காரரோடு எல்லைத் தகராறும் இல்லை. ஆனாலும் அதை மூன்றே ஆண்டில், வாங்கிய விலைக்கும் கீழே விற்க வேண்டி வந்தது. கடன் பத்திரத்தில் இருந்த ஒரு வரிதான் காரணம்: மூன்றாம் ஆண்டு முடிவில் மீதி அசல் முழுவதையும் ஒரே தொகையாகக் கட்ட வேண்டும். அதற்குள் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தேன். நாள் நெருங்கியபோது அந்த அளவுக்குக் கடன் தர யாரும் முன்வரவில்லை.

அதனால் புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களிடம் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதைவிட, கட்டடத்தை வாங்கும் பணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். "எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்று கேட்டபடிதான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். ஒரு கெட்ட ஆண்டு வந்தால் இந்தச் சொத்து எவ்வளவு கடனைத் தாங்கும் என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எந்த நாணயத்துக்கும் பொருந்தட்டும் என்பதற்காக, கட்டுரை முழுக்கச் சொத்தின் விலையை 1000 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் கணக்குக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

முதலில் கைக்காசு

வங்கி விலையில் 70 சதவீதம் தருவதாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மனம் "அப்படியென்றால் 300 இருந்தால் போதும்" என்று கணக்குப் போடும். போதாது. பத்திரப் பதிவு, வரி, வக்கீல், மதிப்பீட்டாளர், கடன் நடைமுறைக் கட்டணம் என்று வாங்கும் செலவு தனியாக வரும். இது நாட்டுக்கு நாடு பெரிதும் மாறும். இங்கே 55 என்று வைப்போம். குடி வைக்கும் முன் செய்ய வேண்டிய பழுதுவேலை 30. அப்புறம், எதிர்பாராத செலவுக்கும் ஆள் இல்லாத மாதங்களுக்கும் ஒரு கையிருப்பு. ஆறு மாதத் தவணையும் ஆறு மாதச் செலவும் இருப்பது நல்லது. நம் கணக்கில் அது 40 ஆகிறது. எல்லாம் கூட்டினால் 425.

இந்தக் கையிருப்பைத்தான் புதியவர்கள் முதலில் வெட்டுவார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். 425 இல்லை, 350தான் இருக்கிறது என்றால், இன்னும் சின்ன சொத்தைப் பாருங்கள். வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை இந்த 425க்குள் சேர்க்கவும் கூடாது.

சொத்து உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது?

விற்பவர் சொல்லும் வாடகை, ஆண்டு முழுக்க ஒரு நாள்கூடக் காலி இல்லாமல் ஓடினால் வரும் வாடகை. நம் சொத்துக்கு அது ஆண்டுக்கு 90 என்போம். இதிலிருந்து காலியாகக் கிடக்கும் நாட்கள், சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு, பார்த்துக்கொள்கிறவருக்குக் கூலி எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். நீங்களே பார்த்துக்கொள்வதாக இருந்தாலும் அந்தக் கூலியைக் கழித்தே கணக்குப் போடுங்கள். என்றாவது ஒருநாள் உங்களால் முடியாமல் போகும், அல்லது உங்களிடமிருந்து வாங்குகிறவர் அதைக் கழித்துத்தான் விலை சொல்வார். கழிவு 30 என்றால் நிகர வருமானம் 60. கடன் தவணையை இன்னும் தொடவில்லை, கவனியுங்கள். 1000 விலைக்கு 60 வருகிறது, அதாவது 6 சதவீதம்.

வாடகை எண்ணை வாய்ச்சொல்லாக வாங்க வேண்டாம். குடியிருப்பவர்களின் ஒப்பந்த நகல், கடந்த ஓர் ஆண்டு வங்கிக் கணக்கில் வாடகை வந்து விழுந்த பதிவு, வரி கட்டிய ரசீது, மின்சார ரசீது எல்லாம் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் விலை பேசி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கடனின் உண்மையான விலை

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாருங்கள். ஆரம்பத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

வட்டி 6 சதவீதம், சொத்தும் 6 சதவீதம் சம்பாதிக்கிறது, ஆகவே கடன் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் என்று தோன்றும். ஆனால் நீங்கள் கட்டுவது வட்டி மட்டுமில்லை, அசலும் சேர்ந்துதான். ஆகவே ஒவ்வொரு 100 கடனுக்கும் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். 6 சதவீத வட்டிக்கு, 30 ஆண்டுத் தவணை என்றால் 100க்கு சுமார் 7.2 கட்டுவோம். 20 ஆண்டு என்றால் 8.6. 15 ஆண்டு என்றால் 10.1. வட்டி ஒன்றேதான்; காலம் மட்டும் மாறுகிறது, தவணை எங்கேயோ போய்விடுகிறது.

இப்போது நம் சொத்துக்கு வருவோம். 700 கடன், 30 ஆண்டு: ஆண்டுத் தவணை சுமார் 50.4. நிகர வருமானம் 60, ஆகவே 9.6 மிஞ்சும். அதே 700ஐ 20 ஆண்டில் கட்டுவதாக இருந்தால் தவணை 60.2, ஒன்றும் மிஞ்சாது, கையிலிருந்து கொஞ்சம் போகும்.

9.6 மிஞ்சுகிறதே, நல்லதுதானே? நீங்கள் போட்டது 425. அதற்கு 9.6 என்றால் 2.3 சதவீதம்கூட வரவில்லை. கடனே வாங்காமல் முழுப் பணம் போட்டு வாங்கியிருந்தால், செலவும் கையிருப்பும் சேர்த்து 1125 போட்டு 60 வந்திருக்கும், அது 5.3 சதவீதம். கடன் வாங்கியதால் ரொக்க வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. காரணம் எளியது: சொத்து 100க்கு 6 சம்பாதிக்கிறது, கடன் 100க்கு 7.2 கேட்கிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சொத்தின் எண் பெரிதாக இருந்தால் கடன் உங்கள் வருமானத்தை வளர்க்கும். கடனின் எண் பெரிதாக இருந்தால், வாங்கும் ஒவ்வொரு 100 கடனும் உங்கள் பையிலிருந்து எடுக்கும்.

நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவணையில் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறது. முதல் ஆண்டில் சுமார் 8.6 அசலுக்குப் போகும். அது உங்கள் பணம்தான், வீணாகவில்லை. ஆனால் சுவருக்குள் போய்விட்ட பணம். குழாய் வெடித்தால் அதை எடுத்துச் செலவழிக்க முடியாது. விலை ஏறும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ஏறலாம், ஆனால் ஏற்றத்தைக் கொண்டு மாதத் தவணை கட்ட முடியாது.

வங்கி பார்க்கும் இரண்டு உச்சவரம்புகள்

வாடகைச் சொத்துக்குக் கடன் தருகிறவர்கள் இரண்டு கோடுகள் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று, விலையில் எத்தனை சதவீதம் கடன் என்பது, எல்.டி.வி என்பார்கள். இன்னொன்று, நிகர வருமானம் தவணையைப் போல் எத்தனை மடங்கு என்பது; டி.எஸ்.சி.ஆர் என்பார்கள். 1.20 அல்லது 1.25 மடங்கு கேட்பது பரவலான வழக்கம்.

60 வருமானத்தை 1.25ஆல் வகுத்தால் 48. ஆண்டுக்கு 48 தவணைக்கு மேல் இந்தச் சொத்து தாங்காது என்று வங்கி முடிவெடுக்கும். 6 சதவீதம், 30 ஆண்டுக் கணக்கில் அது சுமார் 667 கடன். ஆகவே 70 சதவீதம் தருவதாக விளம்பரம் இருந்தாலும் உங்களுக்கு 700 வராது, 667தான் வரும். 33 குறைவதை அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டால் திண்டாட்டம். முன்பே நீங்களே இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருங்கள்.

சில நாடுகளில், முக்கியமாக முதல் சொத்துக்கு, வங்கி சொத்தின் வருமானத்தைவிட உங்கள் சம்பளத்தைத்தான் பார்க்கும். அப்போது சொத்து தாங்காத கடனும் உங்களுக்குக் கிடைத்துவிடும். அது ஆபத்தான தாராளம். டி.எஸ்.சி.ஆர் கணக்கை வங்கி கேட்காவிட்டாலும் உங்களுக்காகப் போடுங்கள்.

கெட்ட ஆண்டுச் சோதனை

700 கடனே கிடைத்துவிட்டது என்று வைத்து, ஒரு தாளை எடுத்து மூன்று வரிகள் எழுதுங்கள். வாடகை பத்தில் ஒரு பங்கு குறைந்தால்: நிகரம் 51, தவணை 50.4, மூச்சு முட்டும் ஆனால் பிழைக்கும். வட்டி 8 சதவீதமானால்: 700 கடனுக்கு ஆண்டுத் தவணை 61.6, வருமானம் 60, கையிலிருந்து போகும். இரண்டும் சேர்ந்து வந்தால்: ஆண்டுக்கு 10.6 பற்றாக்குறை. 40 கையிருப்பு இருந்தால் மூன்றரை ஆண்டுக்கு மேல் தாங்கலாம். கையிருப்பை வெட்ட வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கையிருப்பைத் தொடாமலே இரண்டு அடிகளையும் தாங்க வேண்டுமென்றால் கடன் சுமார் 580க்குள் இருக்க வேண்டும். முதல் சொத்துக்கு நான் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கச் சொல்வேன். மெதுவாக வளர்வது பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

வட்டி இரண்டு சதவீதம் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: 2021 டிசம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்து மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 0.1 சதவீதம், 2023 ஆகஸ்ட்டில் 5.25. அமெரிக்காவில் 2022 மார்ச் தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 வரை போனது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

கடன் பத்திரத்தில் எதைத் தேடிப் படிப்பது?

வட்டி விகிதத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய அடி மற்ற வரிகளில் இருக்கிறது.

வட்டி நிலையானதா, மாறுவதா என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 30 ஆண்டும் ஒரே வட்டியில் கடன் கிடைப்பது சாதாரணம். பிரிட்டனிலும் கனடாவிலும் சில ஆண்டுகளுக்கு மட்டும் நிலையாக இருந்து, பிறகு புதிதாகப் பேச வேண்டும். இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுக் கடன்களில் பெரும்பகுதி மாறும் வட்டிதான். ஆகவே வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் சொல்லும் உத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு 30 ஆண்டு நிலையான வட்டி இருக்கும், உங்களுக்கு இருக்காது.

அடுத்தது என்னை வீழ்த்திய வரி. தவணை 30 ஆண்டுக் கணக்கில் போட்டிருப்பார்கள், ஆனால் கடன் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும்; எனக்கு மூன்றாம் ஆண்டு, இங்கே ஐந்தாம் ஆண்டு என்று வைப்போம். 700 கடனுக்கு ஐந்து ஆண்டில் சுமார் 252 கட்டியிருப்பீர்கள். இன்னும் 651 பாக்கி நிற்கும், ஒரே நாளில் கட்ட வேண்டும். அந்த நாளில் வட்டி என்னவாக இருக்கும், வங்கியின் மனநிலை என்னவாக இருக்கும், சொத்தின் மதிப்பு என்னவாக இருக்கும் என்று மூன்றையும் நீங்கள் பந்தயம் கட்டுகிறீர்கள். இப்படிப்பட்ட கடனை எடுத்தே ஆக வேண்டுமென்றால், குறிப்பிட்ட கட்டணத்துக்கு ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ நீட்டித்துக்கொள்ளும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழி உறுதி வேண்டாம். எனக்கு வாய்மொழியாகச் சொன்னவர் அந்த நாள் வந்தபோது அந்த வேலையிலேயே இல்லை.

மூன்றாவது, கடன் சொத்தோடு நிற்குமா, உங்களைத் துரத்துமா? சில இடங்களில், சில வகைக் கடன்களில், சொத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. பல நாடுகளில் அப்படி இல்லை. 2008 நெருக்கடிக்குப் பிறகு ஸ்பெயினில் வீட்டையும் இழந்து, விற்ற விலை போக மிச்சக் கடனையும் சுமந்தவர்கள் ஏராளம். கம்பெனி பெயரில் வாங்கினாலும் வங்கி உங்கள் சொந்த ஜாமீனைக் கேட்கும். கொடுக்காமல் கடன் கிடைப்பது புதியவருக்கு அரிது; ஆனால் அதற்கு ஒரு தொகை வரம்பு வைக்க முடியுமா, கடன் ஓரளவு குறைந்ததும் அது விலகுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் சில நேரம் கிடைக்கும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா? தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசம்? உங்கள் வேறு சொத்துகளையும் இந்தக் கடனுக்குப் பிணையாக இழுக்கும் வாசகம் இருக்கிறதா? கடைசியாகச் சொன்னது இருந்தால், அதை நீக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு சொத்தில் வந்த தீ எல்லாவற்றுக்கும் பரவ அதுதான் வழி.

விற்பவரே கடன் தந்தால்

புதியவர்கள் அதிகம் பயன்படுத்தாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. சொத்தின் மீது கடன் எதுவும் இல்லாத, மொத்தப் பணம் உடனே தேவைப்படாத, மாதாமாதம் வருமானம் வந்தால் நிம்மதி என்று நினைக்கும் வயதான உரிமையாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் விலையின் ஒரு பகுதியைத் தவணையில் தரலாமா என்று கேட்கலாம். அவருக்கு வட்டி கிடைக்கும். சில நாடுகளில் லாபத்தின் மீதான வரியும் பல ஆண்டுகளுக்குப் பிரியும்.

விலையும் நிபந்தனையும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும். அவர் 1040 கேட்கிறார், குறைக்க மாட்டார். சரி, 1040க்கே வாங்குகிறேன், 300 இப்போது தருகிறேன், மீதி 740ஐ 4 சதவீத வட்டியில், 30 ஆண்டுக் கணக்கில் மாதத் தவணையாக எடுத்துக்கொள்ளுங்கள், பத்தாம் ஆண்டு முடிவில் பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஆண்டுத் தவணை 42.4. வங்கியில் 1000 விலைக்கு 700 வாங்கினால் 50.4 கட்டியிருப்பீர்கள். விலையில் 40 அதிகம் கொடுத்தும் ஆண்டுக்கு 8 மிச்சம். 100 கடனுக்கு 5.7தான் ஆகிறது, சொத்து 1040க்கு 60 கொடுக்கிறது, அதாவது 100க்கு சுமார் 5.8. இரண்டு எண்களும் இப்போது உங்கள் பக்கம். பத்தாம் ஆண்டில் சுமார் 583 பாக்கி இருக்கும். மூன்று ஆண்டு அவகாசத்துக்கும் பத்து ஆண்டு அவகாசத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அனுபவித்தவன். பத்து ஆண்டில் ஒரு கெட்ட காலம் வந்து போகவே இடம் இருக்கிறது.

ஆனால் இதைக் கைமாற்றுப்போல் செய்யக் கூடாது. முறையான அடமானப் பத்திரம், பதிவு, வட்டி, தவறினால் என்ன நடக்கும் என்ற வாசகம் எல்லாம் வக்கீல் மூலம் எழுதப்பட வேண்டும். வங்கிக் கடனோடு சேர்த்து விற்பவரின் கடனும் இருந்தால், இரண்டாவது கடன் இருப்பதை வங்கியிடம் மறைக்காதீர்கள். பல கடன் பத்திரங்கள் அதை ஒப்புதல் இல்லாமல் அனுமதிப்பதில்லை, மறைப்பது மோசடியாகிவிடும். விற்பவரின் பெயரில் பழைய கடன் பாக்கி இருந்தால் இன்னும் கவனம். சொத்து கைமாறினாலே முழுத் தொகையையும் கேட்கும் உரிமை அந்த வங்கிக்கு இருக்கலாம்.

வயதான ஒருவரோடு இப்படி ஒப்பந்தம் போடும்போது அவருடைய பிள்ளைகளையும் அவருக்கென்று தனி வக்கீலையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். அது நியாயம், பின்னால் வழக்கு வராமலும் காக்கும்.

குறுகிய காலக் கடனும் உறவினர் பணமும்

பழுதான சொத்தை வாங்கிச் சரிசெய்து, அதன் புதிய மதிப்பில் வங்கிக் கடனுக்கு மாறுவது ஒரு பிரபலமான உத்தி. இடைப்பட்ட காலத்துக்குத் தனியார் கடன் அதிக வட்டியில் கிடைக்கும். இந்த உத்தி வேலை செய்யும். ஆனால் வேலை முடியும் நாள், புதிய மதிப்பு, புதிய வங்கியின் சம்மதம் மூன்றும் சொன்னபடி நடந்தால்தான். முதல் சொத்தில் இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். செய்தே தீருவேன் என்றால், வேலைக்கு ஆகும் நாளை இரட்டிப்பாக்கி வட்டி கணக்கிடுங்கள், வங்கி மாற்றம் நடக்காவிட்டால் விற்றுத் தப்ப முடியுமா என்று பாருங்கள்.

உறவினரிடம் வாங்கும் பணத்துக்கும் எழுத்து வேண்டும். அது கடனா, பங்கா என்று முதல் நாளே தெளிவாகட்டும். கொடுத்தவர் பங்கு என்று நினைத்திருப்பார், வாங்கியவர் கடன் என்று நினைத்திருப்பார். விலை ஏறிய பிறகு இந்த விஷயம் வெளியே வந்தால் குடும்பம் இரண்டாகும்.

கூட்டு சேர்ந்தால்

உங்களிடம் நேரமும் தேடும் திறமையும் இருக்கிறது, நண்பரிடம் பணம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் "பாதிப் பாதி" என்று கை குலுக்கிவிடுவார்கள். பாதிப் பாதி என்பது கணக்கே இல்லை, எதில் பாதி? மாத வருமானத்திலா, விற்ற லாபத்திலா, நஷ்டத்திலா, கூரை மாற்றும் செலவிலா?

எனக்கு நியாயமாகப் படும் அமைப்பு ஒன்றைச் சொல்கிறேன். பணம் போட்டவருக்கு முதலில் குறிப்பிட்ட சதவீதம், அதற்குப் பிறகு மிஞ்சியதில் பங்கு. நண்பர் 300 போட்டார், ஆண்டுக்கு 8 சதவீதம் முன்னுரிமை. தவணையெல்லாம் போக இந்த ஆண்டு 40 மிஞ்சியது. அதில் முதல் 24 அவருக்கு. மீதி 16ஐ ஆளுக்கு 8 ஆகப் பிரிக்கலாம். அவருக்கு 32, உங்களுக்கு 8. குறைந்த ஆண்டில் 20தான் மிஞ்சியது என்றால் அது முழுவதும் அவருக்கு. பற்றாக்குறை 4 அடுத்த ஆண்டுக்கு ஏறும். சொத்தை விற்கும்போது முதலில் வங்கி, பிறகு அவருடைய அசல் 300, பிறகு நிலுவை, அதன் பிறகே லாபப் பிரிப்பு. இந்த வரிசையைப் பத்திரத்தில் எண்களோடு ஓர் உதாரணமாகவே எழுதிவிடுங்கள். சட்ட வாசகத்தைவிட உதாரணம்தான் சண்டையைத் தீர்க்கும்.

நம் முதல் சொத்தில் மிஞ்சுவது 9.6 மட்டும் என்பது நினைவிருக்கும். அதில் கூட்டு சேர்ந்தால் நண்பருக்கு 24 தர வழியே இல்லை. எவ்வளவு சாமர்த்தியமாகப் பிரித்தாலும் மெலிந்த சொத்து இரண்டு பேருக்குச் சோறு போடாது.

பத்திரத்தில் இன்னும் சில கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். எவ்வளவு தொகைக்கு மேல் செலவு செய்ய இருவர் சம்மதமும் வேண்டும்? கூடுதல் பணம் தேவைப்பட்டு ஒருவர் போட மறுத்தால் அவர் பங்கு எப்படிக் குறையும்? ஒருவர் இறந்தால், மணமுறிவு வந்தால், திவாலானால் பங்கு யாருக்குப் போகும்? ஒருவர் வெளியேற நினைத்தால் விலையை யார் முடிவு செய்வது? கடைசிக் கேள்விக்கு ஒரு பழைய நல்ல வழி: வெளியேற விரும்புகிறவர் ஒரு விலை சொல்லட்டும்; அந்த விலைக்கு வாங்குவதா, விற்பதா என்பதை மற்றவர் தேர்ந்தெடுக்கட்டும். அநியாய விலை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் இருவரில் ஒருவரிடம் மட்டும் பணம் இருந்தால் இந்த வழி அவருக்கே சாதகம். அப்போது வெளி மதிப்பீட்டாளரை வைப்பது மேல்.

முகம் தெரியாத பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் யோசனை இருந்தால் நிறுத்துங்கள். அது பெரும்பாலான நாடுகளில் முதலீட்டுச் சட்டங்களுக்குள் வரும்; அனுமதி இல்லாமல் செய்தால் நல்ல எண்ணமும் குற்றமாகும்.

யார் பெயரில் வாங்குவது?

சொந்தப் பெயரில் வாங்குவது எளிது, கடனும் மலிவு. கம்பெனி பெயரில் வாங்கினால் பொறுப்பு ஓரளவு தடுக்கப்படும், கூட்டாளிகள் வந்து போவது சுலபம். ஆனால் கணக்கு, வரி, கட்டணம் கூடும். இருவர் பெயரில் சேர்த்து வாங்கினால், ஒருவர் இறந்தபின் பங்கு மற்றவருக்கே போகும் வகையும் உண்டு, வாரிசுகளுக்குப் போகும் வகையும் உண்டு. எந்த வகை என்று தெரியாமல் கையெழுத்துப் போட்ட தம்பதிகளையும் நண்பர்களையும் பார்த்திருக்கிறேன். பிறகு மாற்றுவது வரியோடு வரும் என்பதால், விலை பேசும் முன்பே ஆடிட்டரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாள்

விற்பனை ஒப்பந்தத்தில் உங்களுக்கு வெளியேறும் கதவுகள் வேண்டும். குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வட்டிக்குள் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். உரிமையில் வில்லங்கம் இருந்தாலும், பொறியாளர் பெரிய பழுதைக் கண்டாலும், வாடகைக் கணக்கு பொய்யானாலும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு இருக்கட்டும். நாள் தாண்டினால் கதவு மூடிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். முடிந்தால் அட்வான்ஸ் விற்பவர் கையில் போகாமல் வக்கீலிடமோ வேறு நடுவரிடமோ இருக்கட்டும். செலவழிந்துவிட்ட அட்வான்ஸைத் திரும்ப வாங்க நீதிமன்றம்தான் போக வேண்டும்.

உங்கள் வக்கீல் உங்களுடையவராக இருக்க வேண்டும்; விற்பவரோ தரகரோ அழைத்து வந்தவர் வேண்டாம்.

பத்திரம் பதிவான வாரத்திலேயே காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், வாடகைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள், கையிருப்பு 40ஐ அதிலேயே போட்டு வையுங்கள். அப்புறம் நாட்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: வட்டி மாறும் நாள், கடன் முடியும் நாள். இரண்டுக்கும் 12 மாதம் முன்பே இன்னொரு குறி. அந்த நாளில் உங்கள் கணக்குப் புத்தகம், வாடகை ஒப்பந்தங்கள், வரி ரசீதுகளோடு குறைந்தது மூன்று வங்கிகளின் கதவைத் தட்டுங்கள். நான் மூன்று மாதம் முன்பு தட்டினேன். மதிப்பீட்டாளர் வந்து போகவே அதில் ஒரு மாதம் ஓடிவிட்டது.